யாருக்கும் இணங்காதவர்களின் தேசமா அமெரிக்கா?

கேள்வி கேட்டவர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிப்பவர் போலத் தெரிகிறது. அவர் எழுதியதன் சுருக்கம் இது: "மனிதனாக இருக்க விரும்புகிறவன் இணங்காதவனாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் 1841-ல் எழுதினார். அவரேதான் அமெரிக்காவுக்கென்று சொந்தச் சிந்தனை வேண்டும் என்றும் சொன்னார். யாருக்கும் இணங்காதே என்பதை ஒரு நாடு முழுவதும் தன் அடையாளமாக எப்படி வைத்துக்கொள்ள முடியும்? இந்தக் குணம், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களிடமிருந்தே வருகிறது என்கின்றன பாடக் குறிப்புகள். அது சரியா?" மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு தர்க்க முரண்பாட்டைப் பற்றிய கேள்வி. உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். அமெரிக்க இலக்கியம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அது. கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் அந்த உள்கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பியூரிட்டன்கள் கருத்துச் சுதந்திரம் தேடி அட்லாண்டிக்கைக் கடந்தார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் சடங்குகளுக்கு அவர்கள் இணங்கவில்லை என்பது சரி. ஆனால் அவர்கள் தேடியது தங்கள் வழிபாட்டுக்கான சுதந்திரம், மற்றவர்களுடையதற்கு அல்ல. 1620-ல் பிளிமத்தில் இறங்கியவர்களாவது திருச்சபையிலிருந்து வெளிப்படையாகப் பிரிந்தவர்கள். 1630-ல் ஜான் வின்த்ராப்பின் தலைமையில் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்த பெருங்கூட்டமோ, நாங்கள் பிரியவே இல்லை, உள்ளிருந்து தூய்மைப்படுத்துகிறோம் என்று சாதித்தது. அடுத்த ஆண்டே சபை உறுப்பினர்களுக்கு மட்டும்தான் வாக்குரிமை என்று விதி வைத்தார்கள். நத்தானியேல் வார்டு என்ற போதகர் 1647-ல் அச்சிட்ட நூலில், மாற்றுக் கொள்கை உடையவர்களுக்கு எங்களிடமிருந்து ஒதுங்கியிருக்க முழுச் சுதந்திரம் உண்டு என்று எழுதினார். அதில் கேலி இருக்கிறது, கொள்கையும் அதுவேதான். 1658-ல் குவேக்கர்கள் என்ற மாற்றுக் கிறிஸ்தவப் பிரிவினரை நாடுகடத்தவும், மீறித் திரும்பினால் கொல்லவும் சட்டம் வந்தது. மேரி டையர் என்ற பெண்மணி திரும்பி வந்தார். 1660 ஜூன் 1 அன்று பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்.

இந்தக் காலத்து எழுத்தில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், ஆன் ஹட்சின்சன் மீதான 1637 நவம்பர் விசாரணைப் பதிவைப் படியுங்கள். கவிதையோ பிரசங்கமோ அல்ல என்பதால் பாடத்திட்டங்களில் இதற்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. எனக்கு அது அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த நாடகம். ஹட்சின்சனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, வீடு நிறையப் பிள்ளைகள். பிரசங்கத்தைப் பற்றிப் பேசத் தன் வீட்டில் பெண்களைக் கூட்டினார், பிறகு ஆண்களும் வரத் தொடங்கினார்கள் என்பதுதான் பிரச்சினையின் தொடக்கம். ஆளுநர் வின்த்ராப்பே வழக்குத் தொடுப்பவர், நீதிபதியும் அவரே. என் மேல் என்ன குற்றம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை என்கிறார் ஹட்சின்சன். சிலவற்றைச் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன் என்கிறார் வின்த்ராப். "ஒன்றைச் சொல்லுங்கள், ஐயா" என்று பதில் வருகிறது. முதிய பெண்கள் இளையவர்களுக்குப் போதிக்க வேண்டும் என்று வேதாகமமே சொல்கிறதே என்று தீத்துவுக்கு எழுதிய நிருபத்தை எடுத்துப் போடுகிறார்.  அதற்குச் சற்று முன்புதான், உங்கள் பாலினத்தாரோடு வாதாடும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்று ஆளுநர் ஒதுங்கியிருந்தார்.

இப்படியே போயிருந்தால் அவர் தப்பித்திருக்கக்கூடும். மறுநாள் அவராகவே ஒன்றைச் சொன்னார்: எது உண்மையான போதனை, எது பொய் என்பதை தேவன் தனக்கு நேரடியாக உணர்த்தினார் என்று. அது ஆவியின் குரல்தான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். மகனைப் பலியிடச் சொன்னது தேவன்தான் என்று ஆபிரகாமுக்கு எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்டார். நேரடிக் குரலால் என்றார்கள். எனக்கும் அப்படியே, நேரடி வெளிப்பாட்டால் என்றார். துணை ஆளுநர் டட்லி திடுக்கிட்டு, என்ன, நேரடி வெளிப்பாடா என்று கேட்பது பதிவில் அப்படியே இருக்கிறது. வேதாகமத்தைத் தாண்டி தேவன் ஒருவரிடம் நேரடியாகப் பேசுகிறார் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. அதோடு வழக்கு முடிந்தது. எதற்காக என்னை நாடுகடத்துகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று கடைசியில் அவர் கேட்டபோது வின்த்ராப்பின் பதில்: "மேற்கொண்டு பேசாதே. எதற்காக என்று நீதிமன்றத்துக்குத் தெரியும். அதற்கு அது போதும்." 1638 மார்ச்சில் சபை அவரை விலக்கியது. அவர் எழுந்து வெளியேறியபோது கூடவே எழுந்து நடந்தவர் மேரி டையர்.

இன்று பாஸ்டனில் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு முன்னால் இந்த இருவருக்கும் சிலை இருக்கிறது. ஹட்சின்சன் சிலை 1922-ல் செய்யப்பட்டது, டையருக்கு 1959-ல். ஹட்சின்சனின் நாடுகடத்தல் உத்தரவை 1987-ல்தான் மாநில ஆளுநர் ஒருவர் முறைப்படி ரத்து செய்தார். உங்கள் கேள்விக்கான என் பதிலின் கரு இதில் இருக்கிறது. இணங்காமை அமெரிக்காவின் பிறவிக் குணம் அல்ல. விலகி நின்றவர்களில் சிலரைப் பிற்காலத்தவர் தேர்ந்தெடுத்து முன்னோர்களாகத் தத்தெடுத்துக்கொண்டதால் உருவான அடையாளம் அது. யாரைத் தத்தெடுத்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று கேட்டால்தான் இலக்கியம் விளங்கத் தொடங்கும்.

விடப்பட்டவர்களுக்கு ஓர் உதாரணம் இந்த விசாரணைப் பதிவோடே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை 1767-ல் தன் வரலாற்று நூலின் பின்னிணைப்பாக அச்சிட்டுக் காப்பாற்றியவர் ஆனின் எள்ளுப்பேரன் தாமஸ் ஹட்சின்சன். அவர் பிறகு மாசசூசெட்ஸ் ஆளுநரானார். புரட்சிக் காலத்தில் பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்றார். ஏற்கெனவே 1765 ஆகஸ்டில் ஒரு கும்பல் அவர் வீட்டைச் சூறையாடி, கையெழுத்துப் பிரதிகளைத் தெருச் சேற்றில் எறிந்திருந்தது. 1774-ல் கப்பலேறி இங்கிலாந்து போனவர் அங்கேயே இறந்தார். தன் ஊரே ஒரு பக்கம் சாய்ந்தபோது சாய மறுத்தவர் அவரும்தானே? ஆனால் இணங்காதவர்களின் பட்டியலில் அவர் பெயரை எந்தப் பாடநூலும் சேர்ப்பதில்லை. அவர் நிலைப்பாடு சரி என்று நான் சொல்ல வரவில்லை. வெற்றி பெற்ற பக்கத்தோடு பிற்பாடு பொருந்திப்போகிற மறுப்புக்கு மட்டுமே தேசம் இடம் கொடுக்கிறது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

விடுதலைக்குப் பிந்தைய முதல் ஐம்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். அந்தக் காலத்தின் கவலை இணங்காமை அல்ல. தனக்கென்று ஒரு முகம் இல்லையே என்ற ஏக்கம். "அமெரிக்கன் என்கிற இந்தப் புதிய மனிதன் யார்?" என்று, ஒரு விவசாயி எழுதும் கடிதங்களாக அமைந்த நூலில் கிரெவ்கேர் 1782-ல் கேட்டதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே நூலின் கடைசிக் கடிதத்தில் அந்த விவசாயி போரில் எந்தப் பக்கமும் சேர முடியாமல், குடும்பத்தோடு பூர்வகுடிகளின் கிராமத்துக்குப் போய்விடத் திட்டமிடுவதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் எழுத்துக்கூட்டலை மாற்றித் தேசியம் வளர்த்தார். ஓர் அமெரிக்கப் புத்தகத்தை உலகில் யார் படிக்கிறார்கள் என்று ஆங்கில எழுத்தாளர் சிட்னி ஸ்மித் 1820-ல் எடின்பரோ இதழில் ஏளனம் செய்தது நெடுநாள் உறுத்தியது.

அந்தக் காலத்தில் நின்று பார்க்க வேண்டியவர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர். அவருடைய 1823-ஆம் ஆண்டு நாவல் 'முன்னோடிகள்' இன்று அதிகம் படிக்கப்படுவதில்லை. நடை கனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு அது நேராக வருகிறது. எழுபது வயதைக் கடந்த வேடன் நாட்டி பம்போ, வேட்டைக்குத் தடையுள்ள காலத்தில் ஒரு மானைக் கொன்றுவிடுகிறான். புதிதாக எழுந்த ஊரில் புதிதாக வந்த சட்டம் அது. குடிசையைச் சோதனையிட வந்த அதிகாரியை உள்ளே விட மறுக்கிறான். அவனால் மகளின் உயிர் பிழைத்த அதே நீதிபதி, வேறு வழியில்லாமல் அவனுக்குத் தண்டனை விதிக்கிறார். கிழவன் தொழுமரத்தில் கால் மாட்டி ஊர் நடுவே உட்கார வைக்கப்படுகிறான். காட்டைக் கண்மூடித்தனமாக அழித்துக்கொண்டே காட்டுக்குச் சட்டம் போடும் ஊரில், தேவைக்கு ஒரு மான் அடித்தவன் குற்றவாளியாக இருக்கிறான். முடிவில் அவன் மேற்கே நடந்துவிடுகிறான். அப்போது கூப்பர் எழுதும் கடைசி வாக்கியம் முக்கியமானது: கண்டம் முழுவதும் தேசம் அணிவகுத்துப் போக வழி திறக்கும் முன்னோடிகளில் அவன் முதல்வன் என்கிறார். சட்டத்துக்கு அஞ்சி ஓடுகிறவன்தான் சட்டம் பின்தொடர வழி அமைக்கிறான். கூப்பரின் தந்தையே காட்டை வாங்கி ஊர் அமைத்த நிலக்கிழார். கிழவன்மேல் மகனுக்கு இருந்த அன்பு உண்மையானது. அந்த நிலம் தங்கள் குடும்பத்துக்குப் போனதில் அவருக்குப் பெரிய மறுப்பும் இல்லை.

இனி எமர்சன். அவரைத் திடீரென வானத்திலிருந்து விழுந்தவராகப் பாடநூல்கள் காட்டுவது தவறு. பாஸ்டனின் இரண்டாம் சபையில் போதகராக இருந்தவர்; திருவிருந்துச் சடங்கை இனி நடத்த மனம் ஒப்பவில்லை என்று 1832-ல் விலகினார். 1833-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் மதத்துக்காக மக்களிடம் கட்டாய வரி வாங்குவதை நிறுத்தியது. 1837 ஆகஸ்ட் 31 அன்று, ஐரோப்பிய அரசவைக் கலைதேவதைகளின் பாட்டை நாம் கேட்டது போதும் என்று ஹார்வர்டு பட்டதாரிகள் முன் பேசினார். அதை நம் அறிவுலகின் விடுதலைப் பிரகடனம் என்று ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் பின்னாளில் வர்ணித்தார். அடுத்த ஆண்டு ஜூலை 15 அன்று இறையியல் மாணவர்களிடம், ஏசுவைப் பற்றிக் கேள்விப்பட்டதை ஒப்பிக்காதீர்கள், தேவனை நீங்களே நேரில் அறியுங்கள் என்றார். ஆண்ட்ரூஸ் நார்ட்டன் என்ற பேராசிரியர் அதை அவநம்பிக்கையின் புது வடிவம் என்று தாக்கினார். ஹார்வர்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எமர்சனை மேடைக்கு அழைக்கவில்லை.

இந்த உரைகள் நிகழ்ந்த கேம்பிரிட்ஜ் ஊருக்கு 1637-ல் நியூட்டவுன் என்று பெயர். ஹட்சின்சன் விசாரிக்கப்பட்டது அதே ஊரில்தான். விசாரணைக்கு முன் அந்த ஆண்டு கூடி அவருடைய கருத்துகளைக் கண்டித்த போதகர் பேரவைக்குத் தலைமை வகித்த இருவரில் ஒருவரான பீட்டர் பல்க்லி, எமர்சனின் முன்னோர். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வம்சத்துப் பேரன் கிட்டத்தட்ட ஹட்சின்சன் சொன்னதையே சொல்கிறார். 1841-ஆம் ஆண்டுக் கட்டுரையில், உள்ளிருந்து எழும் இந்த உந்துதல்கள் மேலிருந்து வராமல் கீழிருந்து வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு நண்பர் கேட்கிறார். 1637-ல் நீதிமன்றம் கேட்ட அதே கேள்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் நான் பிசாசின் பிள்ளையாக இருந்தால் பிசாசிலிருந்தே வாழ்ந்துகொள்கிறேன் என்று பதில் சொல்கிறார் எமர்சன். ஹட்சின்சன் இந்த அளவுக்குப் போகவே இல்லை. அவர் வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். ஆனால் அவருக்குக் கிடைத்தது நாடுகடத்தல். எமர்சனுக்கோ சொற்பொழிவு மேடைகளும் வாசகர்களும் கிடைத்தார்கள்.

அப்படியென்றால் பியூரிட்டன்களிலிருந்து எமர்சன் வரை ஒரே கோடு ஓடுகிறது என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் உறுதி முடிந்து ஐயம் தொடங்குகிறது. பெரி மில்லர் என்ற வரலாற்றாய்வாளர் 1940-ல் எழுதிய கட்டுரையில், 18-ஆம் நூற்றாண்டுப் போதகர் எட்வர்ட்ஸிலிருந்து எமர்சன் வரை ஒரு மனப்போக்கு தொடர்கிறது என்று வாதிட்டார், கவனமாகத்தான் வாதிட்டார். பாடக் குறிப்புகளில் அந்தக் கவனம் கழன்று, கோடு மட்டும் மிஞ்சிவிட்டது. எமர்சன் படித்த ஜெர்மன் தத்துவமும், பிரிட்டிஷ் எழுத்தாளர்களான கோல்ரிட்ஜும், கார்லைலும், திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் சபையின் வறட்சிமேல் அவருக்கிருந்த சலிப்பும் அதே அளவு முக்கியம். மலையின்மேல் இருக்கிற பட்டணம் என்று வின்த்ராப் சொன்னதிலிருந்துதான் அமெரிக்க அடையாளம் பிறந்தது என்பதை நான் இன்னும் அழுத்தமாகச் சந்தேகிக்கிறேன். 1630-ஆம் ஆண்டுக்குரியதான அந்த உரை அச்சில் வந்ததே 1838-ல்தான். தன்மேல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் மாளிகை பாதி எழும்பிய பிறகு கண்டெடுக்கப்பட்ட அடிக்கல் அது. எமர்சன் இறையியல் மாணவர்களை அதிரவைத்த அதே ஆண்டு என்பது தற்செயல். ஆனால் முன்னோர்களைத் தேடி அச்சேற்றும் வேலையும், முன்னோர்களை உதறச் சொல்லும் வேலையும் ஒரே நகரத்தில் ஒரே தலைமுறையில் நடந்தன என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

நீங்கள் முரண்பாடு என்று கருதுவதற்கு ஒரு விளக்கத்தை சாக்வன் பெர்கோவிட்ச் என்ற இலக்கிய ஆய்வாளர் 1978-ல் தந்தார். கனடாவிலிருந்து வந்தவர் என்பதால், உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று அவர் கண்ணில் பட்டதோ என்னவோ. அமெரிக்காவில் கண்டனம் செய்கிறவர் எப்போதும், நீங்கள் உங்கள் புனித வாக்குறுதியிலிருந்து வழுவிவிட்டீர்கள் என்றே கண்டிக்கிறார். அதனால் ஒவ்வொரு கண்டனமும் அந்த வாக்குறுதியையே மீண்டும் பலப்படுத்துகிறது என்பது அவர் வாதம். விலகுகிறவன், நான்தான் உண்மையான அமெரிக்கன், விலகிப் போனவர்கள் நீங்கள் என்கிறான். அந்த நொடியில் இணங்காமை தேசியமாகிவிடுகிறது. முரண்பாடு தீர்ந்துபோகவில்லை, உபயோகமாகிவிட்டது. எமர்சன், கவிஞர் விட்மன் போன்றவர்களுக்கு இந்த விளக்கம் சட்டை தைத்தாற்போலப் பொருந்துகிறது. விட்மன் 1855-ல் 'புல்லின் இதழ்கள்' நூலை "நான் என்னைக் கொண்டாடுகிறேன்" என்று தொடங்கி, அந்த 'நான்' நாடு முழுவதும் பரவும்வரை ஊதினார். எமர்சன் தனிப்பட்ட கடிதத்தில் எழுதிய பாராட்டு வரியை, அனுமதி கேட்காமல் அடுத்த பதிப்பின் முதுகுப்புறத்தில் தங்க எழுத்தில் அச்சிட்ட துணிச்சலும் அதே ரகம்.

எமர்சனின் நண்பரும் எழுத்தாளருமான தோரோவுக்கு இது முக்கால்வாசி பொருந்தும். 1845-ல் வால்டன் குளக்கரையில் குடிசைக்குக் குடிபோன நாள் ஜூலை 4. அது தற்செயலாக விடுதலை நாளாக அமைந்தது என்று அவர் எழுதும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு தெரிகிறது. நாட்டின் பிறந்தநாளில் நாட்டிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போய் இன்னொரு விடுதலையை அறிவிக்கிறார். குடிசை நின்ற நிலம் எமர்சனுடையது. கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று கணக்கும் தருகிறார். மறு ஆண்டு ஜூலையில் தலைவரி கட்டாததற்காக ஓர் இரவு சிறையில் இருந்தார். அடிமை முறையையும் மெக்சிகோ போரையும் நடத்தும் அரசுக்குக் காசு தர மாட்டேன் என்பது காரணம். யாரோ வரியைக் கட்டிவிட, காலையில் வெளியே விட்டார்கள். பழுதுபார்க்கக் கொடுத்திருந்த காலணியை வாங்கிப் போட்டுக்கொண்டு, காட்டுப்பழம் பறிக்கப் போன ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டியாகப் போய்விட்டார். இரண்டு மைல் தள்ளி ஒரு குன்றின்மேல் ஏறியதும், அரசு எங்கும் கண்ணில் படவில்லை என்று எழுதுகிறார். பெர்கோவிட்சின் சூத்திரத்துக்குள் அடங்காமல் நழுவுவது இந்த வாக்கியம். புனித வாக்குறுதியை நினைவூட்டுகிற குரல் அல்ல இது. அரசு இல்லாமலே காலைப் பொழுதைக் கழித்துவிட முடிகிற ஒருவருடைய குரல். இந்தச் சிறை அனுபவத்தைச் சொல்லி 1849-ல் அச்சான கட்டுரை அன்று பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அதே ஆண்டு வெளியான அவருடைய முதல் நூல் ஆயிரம் பிரதிகளில் 706 விற்காமல் திரும்பி வந்தது. என் வீட்டு நூலகத்தில் ஏறக்குறைய தொள்ளாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றில் எழுநூற்றுக்கும் மேல் நானே எழுதியவை என்று நாட்குறிப்பில் குறித்துக்கொண்டார். தேசம் அவரை ஏற்றுக்கொண்டது இறந்த பிறகுதான். அந்தக் கட்டுரையை காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்து 1907-ல் தன் 'இந்தியன் ஒபினியன்' இதழில் வெளியிட்டதும் அந்தப் பின்வாழ்வின் ஒரு பகுதி. நம் ஊருக்கு இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு: 1846-47 குளிர்காலத்தில் வால்டனில் ஐஸ் வெட்டியதைப் பார்த்தவர், சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று எழுதினார். அந்த வணிகத்தை நடத்திய டியூடர் நிறுவனம் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் மெரினா எதிரில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது.

இணங்காமைக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்க்காமல் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. எமர்சனுக்கு இறந்துபோன முதல் மனைவியின் சொத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் வந்துகொண்டிருந்தது. போதகர் வேலையை விட்டது துணிவுதான். பட்டினி கிடக்க வேண்டியிருக்கவில்லை. ஏழைகளுக்கு உதவச் சொன்னால், அவர்கள் என் ஏழைகளா என்று 1841-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கேட்கிறார். பார்படோஸ் அடிமைகளுக்காக உருகுகிறவனை, முதலில் உன் வீட்டைப் பார் என்று விரட்டுகிறார். இந்தப் பத்திகளை வகுப்பில் பலர் தாண்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1838-ல் செரோக்கி மக்களை விரட்டுவதை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் வான் பியூரனுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. 1844-லிருந்து அடிமை முறைக்கு எதிராக வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். 1851-ல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டேன் என்று நாட்குறிப்பில் ஆணையிட்டு எழுதினார்.

இப்போது அதே பாஸ்டன் நகரம், 1836 ஜனவரி. பீக்வட் என்ற பூர்வகுடி இனத்தவரும் மெத்தடிஸ்ட் போதகருமான வில்லியம் ஏபெஸ் ஓடியான் அரங்கில் எழுந்து, 1670-களில் ஆங்கிலேயரோடு போரிட்டு மாண்ட பூர்வகுடித் தலைவர் மெட்டகோமை வாஷிங்டனுக்கு இணையாகப் புகழ்கிறார். பிளிமத்தில் குடியேறியவர்கள் இறங்கிய டிசம்பர் 22-ம் ஜூலை 4-ம் எங்களுக்குத் துக்க நாட்கள் என்கிறார். ஹார்வர்டில் அந்த 1837 உரையில் அமெரிக்க அறிஞனைப் பற்றி எமர்சன் பேச இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் ஃபிரெடரிக் டக்ளஸ் பேசிய உரையை இதன் அருகில் வைத்துப் படியுங்கள். முதல் பகுதி முழுவதும் உங்கள் தந்தையர், உங்கள் விடுதலை, உங்கள் தேசம் என்றே போகிறது. கேட்பவர்கள் மகிழ்ந்து கொண்டிருக்கும்போதே, இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையதல்ல என்று திரும்புகிறார். ஆனால் முடிவில் அரசியல் சாசனத்தைத் தூக்கி எறியவில்லை. அது விடுதலையின் மகத்தான ஆவணம் என்று உரிமை கோருகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854 ஜூலை 4 அன்று ஃபிரேமிங்ஹாமில் அடிமை ஒழிப்பாளர் கேரிசன் அதே சாசனத்தின் பிரதியைக் கூட்டத்தின் முன் கொளுத்தினார். தோரோ அந்தக் கூட்டத்தில் பேசினார். கொளுத்தியவர் சுதந்திரமாகப் பிறந்த வெள்ளையர். உரிமை கோரியவர் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். பெர்கோவிட்சின் பார்வையில் டக்ளஸ் தேசியப் புராணத்துக்குள் சிக்கியவராகத் தெரியலாம். அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே இடம் கேட்பதும், உள்ளே வசதியாக இருப்பவன் வெளியே போவதாக அறிவிப்பதும் ஒரே செயல் அல்ல.

நாவலாசிரியர்களான ஹாத்தார்னும் மெல்வில்லும் இந்தக் கொண்டாட்டத்தில் சேராதவர்கள் என்பதால் அவர்களை விட்டுவிடக் கூடாது. 1850-ல் வந்த ஹாத்தார்ன் நாவலில் சிறை வாசல் ரோஜாச் செடி ஆன் ஹட்சின்சனின் காலடியில் முளைத்ததாகவும் இருக்கலாம் என்று ஒரு வரி வருகிறது. குவேக்கர்களை ஒடுக்கிய ஒருவரும், சேலம் சூனிய வழக்கின் நீதிபதி ஒருவரும் அவருடைய சொந்த மூதாதையர். நாவலின் நாயகி ஹெஸ்டர் பிரின் தப்பிப் போன பிறகும் பாஸ்டனுக்கே திரும்பி வந்து, முறைதவறிய உறவுக்குத் தண்டனையாக முன்பு அணிய வைக்கப்பட்ட சிவப்பு எழுத்தை, யாரும் கட்டாயப்படுத்தாமல் மறுபடி அணிந்துகொள்கிறாள். அது தோல்வியா, தேர்வா என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. எனக்கும் வகுப்புக்கு வகுப்பு மனம் மாறியிருக்கிறது. மெல்வில் கதையின் எழுத்தர் பார்ட்டில்பி 1853-ல் வால் தெரு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, செய்யாமலிருப்பதையே விரும்புகிறேன் என்று மட்டும் சொல்கிறான். காரணம் சொல்வதில்லை, கொள்கை இல்லை, நாட்டின் பெயரை எடுப்பதில்லை. அதனால்தான் எந்த விழா மேடையிலும் யாரும் அவனை மேற்கோள் காட்டுவதில்லை.

இந்தப் பதிலின் எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதில் பெரும்பகுதி நியூ இங்கிலாந்தைப் பற்றியது. தென்மாநிலங்களையோ ஸ்பானிய மொழி எழுத்தையோ பூர்வகுடி வாய்மொழி மரபையோ வைத்துத் தொடங்கினால் படம் மாறும். எமர்சன், தோரோ, ஹாத்தார்ன், மெல்வில், விட்மன் என்ற ஐவரே அமெரிக்க இலக்கியத்தின் மையம் என்ற வரிசை விமர்சகர் மேத்தியசன் 1941-ல் எழுதிய நூலால் நிலைபெற்றது. ஜனநாயகத்தின் மேல் அவர்களுக்கிருந்த ஈடுபாடே அவர் வைத்த பொது அளவுகோல். இரண்டாம் உலகப் போர் நடந்த காலம் அந்த அளவுகோலை எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்பது ஊகம். நான் ஓரளவு தீர்மானித்தது என்றே கருதுகிறேன். தேர்வுக்கு எழுதுவதானால், எமர்சனிலிருந்து தொடங்காதீர்கள். 1637 விசாரணையையும் 1852 உரையையும் இரண்டு ஓரங்களில் வைத்துக்கொண்டு, யார் 'நாம்' என்கிறார், யார் 'நீங்கள்' என்கிறார், எந்த இடத்தில் மாற்றுகிறார் என்று பென்சிலால் கோடிட்டு வாருங்கள். பிறகு எமர்சன் கட்டுரையை எடுத்தால், சமூகத்தை ஒரு கூட்டுப்பங்கு நிறுவனம் என்று அவர் திட்டும் பத்தியில் அவர் எந்தப் பங்குதாரர்களோடு பேசுகிறார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.